குறிபார்க்கும் கண்

நுழையும் முன்

மனிதருக்குக் கைகள் இரண்டு. அவற்றுள் ஒன்றே எழுதும் கை. கண்களும் இரண்டு, அவற்றுள் ஒன்றே குறிபார்க்கும் கண். எழுதும் கை எது என்பதைச் சிறு குழந்தையும் அறியும். குறிபார்க்கும் கண் எது என்பதைப் பெரியோருள் பலரும் அறியார். துப்பாக்கி சுடுதல் என்னும் விளையாட்டில் புதிதாக அடியெடுத்து வைக்கும் சிறுவருக்கு இவ்வறியாமை பெருந்தடையாக அமைந்துவிடுகிறது. அத்தடையைக் கண்டறியும் எளிய சோதனைகளையும், கண்டறிந்தபின் செய்யத்தக்கவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

இந்தியாவும் துப்பாக்கி சுடுதலும்

ஒலிம்பிக் அரங்கில் இந்தியாவுக்குப் பெருமை தேடித் தந்த விளையாட்டுகளுள் துப்பாக்கி சுடுதலும் ஒன்று. 2004ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் இராச்யவர்தன் சிங் இரத்தோர் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2008இல் பெய்சிங் நகரில் 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அதுவே. 2012இல் இலண்டனில் விசய் குமார் வெள்ளியும், ககன் நரங் வெண்கலமும் பெற்றனர். 2024இல் பாரிசு நகரில் இவ்விளையாட்டில் மட்டும் இந்தியாவுக்கு மூன்று வெண்கலப் பதக்கங்கள் கிடைத்தன.

ககன் நரங் பிறந்த ஊர் சென்னை. கடலூரில் பிறந்து குசராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார்; டோக்கியோ, பாரிசு ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார். இத்தகையோரைக் கண்டு ஊக்கம் பெற்ற சிறுவர் சிறுமியர் பலர் இன்று பயிற்சித் தளங்களை நாடி வருகின்றனர். பள்ளிகளுக்கு இடையிலான தேசிய விளையாட்டுப் போட்டிகளிலும் துப்பாக்கி சுடுதல் இடம்பெற்றுள்ளது.

இவ்விளையாட்டின் நுட்பத்தை அறிய ஓர் அளவு போதும். 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கிப் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி 0.5 மில்லிமீட்டர் விட்டமே உடையது. அதாவது, கூரிய பென்சிலால் வைத்த ஒரு புள்ளி அளவு. சுடப்படும் ஈயக்குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். போட்டியின் தகுதிச் சுற்றில் அறுபது முறை சுட வேண்டும். கை ஒரு மயிரிழை அசைந்தாலும் மதிப்பெண் குறையும். கை அசையாமல் இருந்தும் தவறான கண் பார்த்தால் என்ன ஆகும்? இவ்வினாவே இப்பாடத்தின் கரு.

இரு கண்கள், ஒரு காட்சி

இரு கண்பாவைகளுக்கும் இடையே ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆதலால் ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வெவ்வேறு கோணங்களிலிருந்து காண்கின்றன. மூளை அவ்விரு காட்சிகளையும் இணைத்து ஒரே காட்சியாக்குகிறது. பொருளின் தொலைவையும் ஆழத்தையும் உணர்வதற்கு இவ்விணைப்பு பெரிதும் உதவுகிறது.

ஆயினும், ஒரு பொருளை நேர்க்கோட்டில் நிறுத்திக் குறிபார்க்கும்போது இரு கண்களின் கோட்டையும் ஒருங்கே பின்பற்ற இயலாது. அப்போது மூளை ஒரு கண்ணின் கோட்டையே நம்புகிறது. அக்கண்ணே முதன்மைக் கண் எனப்படும். மற்றக் கண் பார்வையற்றது அன்று. அது துணைநிற்கும் கண்.

இத்தாலிய அறிஞர் கியாம்பத்திசுத்தா தெல்லா போர்த்தா, 1593இல் வெளியிட்ட ஒளி பற்றிய நூலில் இவ்வியல்பைக் குறித்து எழுதியுள்ளார். மக்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு வலக்கண்ணே முதன்மைக் கண். ஏனையோருள் பெரும்பாலோருக்கு இடக்கண் முதன்மை பெறுகிறது. மிகச் சிலருக்கு எக்கண்ணும் தெளிவாக மேலோங்குவதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். முதன்மைக் கண் என்பது கூர்மையான கண் என்று பொருள்படாது. பார்வைக் கூர்மை வேறு, முதன்மை வேறு. கண் மருத்துவர் எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதிப்பது கூர்மையை மட்டுமே. எழுத்துகள் அனைத்தையும் பிழையின்றிப் படிக்கும் சிறுவனுக்கும் தன் முதன்மைக் கண் எது என்று தெரியாதிருக்கலாம்.

கை வலம், கண் இடம்

மக்களுள் பத்தில் ஒன்பது பேர் வலக்கைப் பழக்கம் உடையோர். ஆனால் வலக்கண் முதன்மை உடையோர் மூன்றில் இரு பங்கினரே. எனவே, வலக்கையால் எழுதி இடக்கண்ணால் குறிபார்க்கும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கக்கூடும். இது நோய் அன்று, குறையும் அன்று. கைப்பழக்கத்தைப் போலவே இதுவும் இயல்பான ஒரு வேறுபாடு.

பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி காற்றுத்துப்பாக்கிப் பயிற்சிக்கு வருகிறாள் என்று கொள்க. அவள் வலக்கையால் எழுதுபவள். ஆகவே துப்பாக்கியை வலத்தோளில் பொருத்திக் கொடுக்கின்றனர். அவளுடைய முதன்மைக் கண்ணோ இடக்கண். வலக்கண் குறிகாட்டியின் சிறு துளை வழியே நோக்குகிறது. இடக்கண் துளையேதும் இன்றித் தளம் முழுவதையும் ஒளியோடு காண்கிறது. மூளை இடக்கண்ணின் காட்சியையே முன்னிறுத்துகிறது. இலக்கு ஒரு நொடி தெரிகிறது, மறுநொடி மறைகிறது. அவள் தன்னை அறியாமலே கழுத்தை வளைத்து இடக்கண்ணைத் துப்பாக்கியின்மேல் கொண்டுவர முயல்கிறாள். அது இயலாதபோது இடக்கண்ணை இறுக மூடுகிறாள். முகத்தசை இறுகுகிறது, தோள் நடுங்குகிறது, குண்டுகள் சிதறுகின்றன.

பார்ப்பவர் கண்ணுக்கு இவை எதுவும் தெரிவதில்லை. சிதறிய துளைகள் மட்டுமே தெரிகின்றன. “கவனம் போதாது”, “இவளுக்கு இது வராது” என்னும் சொற்கள் எளிதாகப் பிறந்துவிடுகின்றன. ஓரிரு திங்களில் அவளும் அவற்றை நம்பத் தொடங்குகிறாள். உண்மையில் அவளிடம் கவனக்குறைவு இல்லை. அவள் உடலின் இயல்பைக் கேட்டறியாமல் பயிற்சி தொடங்கப்பட்டது என்பதே காரணம்.

பறக்கும் மண்தட்டுகளைச் சுடும் போட்டிகளில் இச்சிக்கல் மேலும் பெரிதாகும். அத்துப்பாக்கியில் பின்புறக் குறிகாட்டி இல்லை. சுடுபவரின் கண்ணே பின்புறக் குறிகாட்டியாகப் பயன்படுகிறது. துப்பாக்கி வலக்கண்ணின்கீழ் இருக்க, இடக்கண் குறிபார்த்தால் குண்டுகள் இலக்குக்கு இடப்புறமாகச் செல்லும்.

தெரிந்து தெளிவோம்

கண்களுக்கு இடையிலுள்ள தொலைவு 6 செண்டிமீட்டர். துப்பாக்கி முனை கண்ணிலிருந்து 1 மீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்க. துப்பாக்கி முனையை இடக்கண் இலக்கோடு நேராக நிறுத்துகிறது. துப்பாக்கியின் பின்பகுதியோ வலக்கண்ணின்கீழ் உள்ளது. முனையைக் கடந்தபின் ஒவ்வொரு மீட்டருக்கும் 6 செண்டிமீட்டர் வீதம் குண்டின் பாதை இடப்புறம் விலகும். 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை அடையும்போது விலகல் 9 × 6 = 54 செண்டிமீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் பற்றிய கணிதப் பாடம் இங்கே துணைசெய்கிறது.

முதன்மைக் கண்ணைக் கண்டறியும் முறைகள்

இச்சோதனைகள் எதற்கும் துப்பாக்கி தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. இவை துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னரே முடிய வேண்டியவை.

முதல் முறை: கைகளை முன்னே நீட்டி, இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெருவிரல்களுக்கு இடையே சிறு இடைவெளி அமைக்க வேண்டும். இரு கண்களையும் திறந்தபடி அவ்விடைவெளி வழியே தொலைவிலுள்ள கடிகாரத்தையோ சன்னல் கைப்பிடியையோ நோக்க வேண்டும். பின்னர் இடக்கண்ணை மட்டும் மூட வேண்டும். பொருள் தொடர்ந்து தெரிந்தால் முதன்மைக் கண் வலக்கண், மறைந்தால் இடக்கண். ஒரு கண்ணை மட்டும் மூட இயலாத சிறுவர், பொருளைப் பார்த்தபடியே கைகளை மெல்ல முகத்தருகே கொண்டுவரலாம். கைகள் தாமாகவே முதன்மைக் கண்ணை வந்தடையும்.

இரண்டாம் முறை: கையை நீட்டிப் பெருவிரலால் தொலைவிலுள்ள ஒரு பொருளை மறைத்து, கண்களை ஒன்றன்பின் ஒன்றாக மூடிப் பார்ப்பது. முதன்மைக் கண் திறந்திருக்கும்போது விரல் இடம்பெயராது. துணைக்கண் மட்டும் திறந்திருக்கும்போது விரல் பக்கவாட்டில் தாவியதுபோலத் தோன்றும். இம்முறையில் விரல் இரண்டாகத் தெரிவதால் சிறுவர் சிலர் குழம்புவர். அவர்களுக்கு முதல் முறையே ஏற்றது.

மூன்றாம் முறை: பயிற்சியாளர் மாணவருக்கு எதிரே மூன்று மீட்டர் தொலைவில் நிற்பார், தம் ஒரு கண்ணை மூடிக்கொள்வார். மாணவர் இரு கண்களையும் திறந்தபடி, பயிற்சியாளரின் திறந்த கண்ணை விரலால் சுட்ட வேண்டும். விரல்நுனி மாணவரின் எக்கண்ணுக்கு நேராகத் தெரிகிறதோ அதுவே முதன்மைக் கண். மாணவர் சொல்வதை மட்டும் நம்பாமல் பயிற்சியாளர் நேரே காண்பதால் இம்முறை பெரிதும் பயன்படுகிறது.

ஒரே முறை சோதித்து முடிவு செய்தல் கூடாது. வலக்கை, இடக்கை இரண்டாலும் சுட்டச் செய்து, வெவ்வேறு நாள்களில் பலமுறை பார்த்தல் வேண்டும். முடிவுகள் மாறி மாறி வந்தாலோ, எழுத்துகள் மங்கலாகத் தெரிவதாக மாணவர் கூறினாலோ கண் மருத்துவரை அணுகுதல் நன்று.

கையையும் கண்ணையும் இணைக்கும் வழிகள்

கையும் கண்ணும் வெவ்வேறு பக்கத்தில் அமைந்த மாணவருக்கு இரு வழிகள் உண்டு.

முதல் வழி, முதன்மைக் கண் உள்ள பக்கத்திலேயே துப்பாக்கியைப் பொருத்திப் பழகுவது. பல ஆண்டுகள் ஒரே பக்கத்தில் பழகியவருக்கு இம்மாற்றம் கடினம். புதிதாகத் தொடங்கும் சிறுவருக்கோ மறக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் இல்லை. ஆதலால் அவர் ஓரிரு வாரங்களில் இதற்குப் பழகிவிடுவதும் உண்டு. பயிற்சியின் தொடக்கத்திலேயே கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

இரண்டாம் வழி, கைப்பழக்கத்தை மாற்றாமல் துணைக்கண்ணைக் குறிபார்க்கச் செய்வது. இதற்கு முதன்மைக் கண்ணின் முன்னே சிறு மறைப்பை வைப்பர். அம்மறைப்பு ஒளியை விட்டு உருவத்தை மட்டும் மறைப்பதாக இருத்தல் நலம். கண்ணை இறுக மூடினால் முகத்தசை சோர்வடையும். மேலும், ஒரு கண் இருளில் மூடப்படும்போது மற்றக் கண்ணின் பாவையும் விரிந்து காட்சியின் தெளிவைக் குறைக்கக்கூடும். இரு கண்களும் திறந்திருக்கும்போது முகம் இயல்பாக இருக்கும்.

விளையாட்டின் வகையையும் கருத வேண்டும். கைத்துப்பாக்கி நீட்டிய கையில் இருப்பதால், தலையைச் சற்றே திருப்பினால் எக்கண்ணாலும் குறிபார்க்கலாம். அங்கே சிக்கல் சிறியது. மண்தட்டுச் சுடுதலில் இலக்கு விரைந்து பறப்பதால் இரு கண்களின் பார்வையும் தேவை. அங்கே முதன்மைக் கண் உள்ள பக்கத்தில் பழகுதல் பெரும்பயன் தரும். காற்றுத்துப்பாக்கியில் இரு வழிகளும் பொருந்தும். எவ்வழியாயினும் மாணவர் குண்டின்றி இரு பக்கமும் பழகிப் பார்த்து, தமக்கு எளிதானதைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும்.

இடக்கைத் தயக்கம்

இடத்தோளில் துப்பாக்கியைப் பொருத்தலாம் என்று சொன்னால் சில குடும்பங்களில் தயக்கம் எழுகிறது. வலக்கையைச் ‘சோற்றுக்கை’ என வழங்கும் மரபில், இடக்கையைத் தாழ்வாகக் கருதும் எண்ணமும் சேர்ந்தே வளர்ந்துள்ளது. இடக்கையால் எழுதிய குழந்தைகளைத் தடுத்து வலக்கைக்கு மாற்றிய காலமும் இருந்தது. ஆனால் பாரதக் கதை இடக்கையை இகழவில்லை. அருச்சுனனுக்கு அமைந்த பெயர்களுள் ‘சவ்வியசாசி’ என்பதும் ஒன்று. இடக்கையாலும் அம்பு எய்ய வல்லவன் என்பது அதன் பொருள்.

அண்மைக்கால வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. அங்கேரி நாட்டுப் படைவீரரான கரோய் தக்காச், கைத்துப்பாக்கி சுடுதலில் தேர்ந்தவர். 1938இல் கையெறிகுண்டு ஒன்று வெடித்ததில் அவருடைய வலக்கை சிதைந்தது. அவர் இடக்கையால் சுடப் பழகினார். 1948இல் இலண்டனிலும், 1952இல் எல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். முதிர்ந்த வீரர் ஒருவர் இடர்ப்பாட்டால் கற்றதை, இளம் மாணவர் தொடக்கத்திலேயே எளிதாகக் கற்க முடியும்.

துப்பாக்கி கைக்கு வரும் முன்

கண்ணை அறிந்தபின்னும் உடனே துப்பாக்கியைக் கையில் தருவதில்லை. முதலில் கற்பிக்கப்படுவது பாதுகாப்பு. ஒவ்வொரு துப்பாக்கியிலும் குண்டு இருப்பதாகவே கருத வேண்டும். துப்பாக்கியின் முனை எப்போதும் இலக்கின் திசையையே நோக்க வேண்டும். சுடும் கணம் வரும்வரை விசையின்மீது விரல் படக்கூடாது. ‘நிறுத்து’ என்னும் ஆணை எழுந்தவுடன், சுடும் நிலையில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிய வேண்டும். பயிற்சியாளர் இன்றித் துப்பாக்கியைத் தொடுதல் கூடாது. இவற்றை ஒருமுறை மீறினாலும் அன்றைய பயிற்சியை நிறுத்திவிடுவது நல்ல பயிற்சியாளரின் வழக்கம்.

அடுத்தது எடை. போட்டிக்குரிய காற்றுத்துப்பாக்கி 5.5 கிலோகிராம் வரை இருக்கலாம். அதைச் சிறுவர் தூக்கி நின்றால் முதுகு வளையும். ஆகவே தொடக்கத்தில் துப்பாக்கியைத் தாங்கியின்மீது வைத்தே பழக்குவர். பயிற்சி நேரமும் குறுகியதாக இருக்கும். மூச்சை வெளிவிட்டபின் வரும் இயல்பான இடைவெளியில் விசையை மெல்ல அழுத்தக் கற்பிப்பர்.

முதல் வாரங்களில் மதிப்பெண்ணை எண்ணாமல், வெற்றுத்தாளில் சுட்டுத் துளைகள் நெருங்கி விழுகின்றனவா என்று பார்ப்பது சிறந்தது. துளைகள் ஓரிடத்தில் நெருங்கி, நடுவிலிருந்து விலகியிருந்தால் பெரும்பாலும் குறிகாட்டியைத் திருத்தினால் போதும். துளைகள் சிதறியிருந்தால் நிற்கும் நிலை, மூச்சு, விசை, கண் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய வேண்டும். அத்தாள் மாணவரைக் குறைகூறும் சான்று அன்று. ஆசிரியர் அடுத்துச் செய்ய வேண்டியதைக் காட்டும் குறிப்பு.

முடிவுரை

மரக்கிளையில் பறவையை வைத்து மாணவர்களைச் சோதித்த துரோணர், அம்பை விடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் “உனக்கு என்ன தெரிகிறது?” என்றே வினவினார். அருச்சுனனின் விடை பெரிதும் போற்றப்படுகிறது. ஆசிரியர் கேட்ட வினாவும் போற்றத்தக்கதே. மாணவரின் கண்ணுக்கு எது தெரிகிறது என்று கேட்டறிந்தபின் கற்பிப்பவரே நல்லாசிரியர். துப்பாக்கி சுடுதலுக்கு மட்டுமன்றி எழுத்துக்கும், எண்ணுக்கும், இசைக்கும் இது பொருந்தும். தடுமாறும் மாணவரைப் பழிப்பதற்கு முன், அவர் எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்று அறிவதே முறை.

சொல்லும் பொருளும்

இலக்கு – குறி
கண்பாவை – கண்ணின் நடுவிலுள்ள கரிய பகுதி
விசை – துப்பாக்கியைச் சுட விரலால் அழுத்தும் உறுப்பு
குறிகாட்டி – குறிபார்க்கத் துப்பாக்கியில் பொருத்திய உறுப்பு
திங்கள் – மாதம்
இடர்ப்பாடு – துன்பம்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 10 மீட்டர் காற்றுத்துப்பாக்கி இலக்கின் நடுப்புள்ளி விட்டம் ________.
(அ) 4.5 மி.மீ. (ஆ) 0.5 மி.மீ. (இ) 6 செ.மீ. (ஈ) 54 செ.மீ.

2. ‘சவ்வியசாசி’ என்னும் பெயர் ________ குறிக்கும்.
(அ) துரோணரை (ஆ) தருமரை (இ) அருச்சுனனை (ஈ) வீமனை

3. ‘மூன்றிலொன்று’ என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது ________.
(அ) மூன்று + ஒன்று (ஆ) மூன்றில் + ஒன்று (இ) மூன்றிலே + ஒன்று (ஈ) மூன்று + இலொன்று

ஆ. குறுவினா

1. முதன்மைக் கண் என்றால் என்ன?
2. பார்வைக் கூர்மையும் முதன்மையும் ஒன்றா? காரணம் தருக.
3. கண்ணை இறுக மூடிக் குறிபார்ப்பதால் விளையும் இடையூறுகள் யாவை?

இ. சிறுவினா

1. பயிற்சியாளர் எதிரே நின்று முதன்மைக் கண்ணைக் கண்டறியும் முறையை விளக்குக.
2. துளைகள் விழும் விதத்திலிருந்து ஆசிரியர் அறியத்தக்கவை யாவை?
3. துப்பாக்கி சுடும் தளத்தில் பின்பற்ற வேண்டிய பாதுகாப்பு விதிகள் நான்கினை எழுதுக.

ஈ. நெடுவினா

“தடுமாறும் மாணவரைப் பழிப்பதற்கு முன் காரணத்தை ஆராய வேண்டும்” – இக்கருத்தைப் பாடத்திலுள்ள மாணவியின் நிலையைக் கொண்டு விளக்குக.

உ. பின்வரும் தொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.

கண்ணும் கருத்துமாக, கண்கூடாக, கண்மூடித்தனமாக

ஊ. செயல்பாடு

வகுப்பிலுள்ள மாணவர் அனைவரின் முதன்மைக் கண்ணையும் முதல் முறையால் கண்டறிக. எழுதும் கை, முதன்மைக் கண் ஆகியவற்றைக் கொண்டு நான்கு கட்டங்கள் உடைய அட்டவணை அமைக்க. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மாணவர் இடம்பெறுகின்றனர் என்பதை எழுதி, வகுப்பில் கலந்துரையாடுக.